முலாம்பழமும் கல் வலியும்

"காற்று இறங்கட்டும் தம்பி. கடலிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது?"

பாம்பன் கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் சொன்னார். விரல்கள் பார்க்காமலே கிழிசலைத் தேடிப் பிடித்தன. ஒரு கண்ணி, ஒரு முடிச்சு. அவசரமே இல்லை.

என் மடியில் மொந்தேய்ன். நீதிமன்றப் பதவியை உதறிவிட்டு, வீட்டுக் கோபுரத்தில் புத்தகங்களோடு அமர்ந்த பிரெஞ்சுக்காரர். அவருடைய கட்டுரைகள் முதலில் வெளிவந்தது 1580இல்.

சிறுநீரகக் கல்லால் துடித்தவர். அந்த வலியையும், தனக்குப் பிடித்த முலாம்பழத்தையும் ஒரே நிதானத்தில் எழுதுகிறார். கல் வெளியேறியதும் திரும்பும் உடல்நலம் எத்தனை இனிது என்று வியக்கிறார்.

வாழக் கற்றுத்தருவதாகச் சொல்லும் புத்தகங்கள் எனக்கு அலுத்துவிட்டன. இவரோ தன்னைத்தான் கவனிக்கிறார்; நானும் என்னைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறேன். சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

மரணம் பற்றிய கட்டுரையை மட்டும் இரவில் திறப்பதில்லை.