பாண்காரருக்குக் குப்பை நீட்டிய மருமகன்

தங்கச்சியைக் கட்டிய திருச்சி மச்சான் முதன்முதலா மட்டக்களப்புக்கு வந்திருந்தார். வந்த மறுநாள் விடிய, எங்கட ஒழுங்கைக்குள்ள கீச்சுக்கீச்சென்று ஒரு மெட்டு. பாண் ஆட்டோ, அதுதான் பாணும் (பிரெட்) பணிஸும் கொண்டுவந்து விக்கிற ஆட்டோ. இஞ்ச வளர்ந்த ஆருக்கும் அந்தச் சத்தம் கேட்டால் சீனி தூவின, முதலை மாதிரி நீண்ட கிம்புலா பணிஸ்தான் ஞாபகத்துக்கு வரும். மச்சானுக்கு வந்தது குப்பை. அவர் ஊரில பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள்ள வாறது மாநகராட்சிக் குப்பை வண்டியாம்.

மாமியார் வீட்டில நல்ல பேர் எடுக்க வேணுமே! குசினிக்குப் பின்னால கிடந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆட்டோவின் கண்ணாடிப் பெட்டிக்கு நேரே நீட்டிப்போட்டார். வாளியில மேலாக முதல்நாள் மீன் செதிள். பாண்காரர் வாளியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "தம்பி, நாங்க மாத்துக்குக் குடுக்கிறல்ல, காசுதான்" என்றார். உள்ளுக்கிருந்து அம்மா, எதுவும் தெரியாமல், "மருமகன், அப்பிடியே ஒரு றாத்தல் பாணும் வாங்கிட்டு வாங்க மனே" என்று குரல் குடுத்தா.

அது காலமை. பின்னேரம்தான் பெரிய கூத்து.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில இருத்தி, பால் போடாத ரெண்டு பிளேன்டீ சொல்லிப்போட்டு, போனுக்கு ரீலோட் போட நான் எதிர்க்கடைக்குப் போனன். நம்மட கடைகளின் வழக்கம் தெரியும்தானே. ஒருத்தரும் கேட்காமலே ஒரு தட்டு மேசைக்கு வரும்: ரோல்ஸ், கட்லட், பற்றீஸ், கடலை வடை, வாய்ப்பன். விரும்பினதை எடுத்துத் தின்னலாம். மிச்சத்தைப் பார்த்துக் காசு சொல்லுவாங்க. மீந்த தட்டு அடுத்த மேசைக்குப் போகும். சூடா இருக்கா என்று ஆளாளுக்கு விரலால அமத்திப் பார்த்த ரோல்ஸ், பொழுதுபடுறதுக்குள்ள கடை முழுக்கச் சுற்றி வந்திருக்கும். அதனால எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற நாலு மணிக்கே போயிரணும் என்பது என்ட கொள்கை.

திருச்சியில வடை கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும். கேட்டு வாங்கி, பேப்பரில எண்ணெயை ஒற்றி, நின்டபடியே தின்டுட்டுக் காசு குடுக்கிறது. கேட்காமலே ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தால் அவர் என்ன நினைப்பார்? மட்டக்களப்பு விருந்தோம்பல்! அதிலயும் 'இலையில் வைத்ததை மிச்சம் விடக்கூடாது' என்று வளர்த்த வீட்டுப் பிள்ளை.

நான் திரும்பி வரக்க தட்டு பளபளவென்று இருந்தது. மச்சானுக்கு நெற்றியெல்லாம் வேர்வை, கையில கடைசி வாய்ப்பன் பாதி. "மச்சான், இந்த உருட்டுக்குள்ள மீனும் உருளைக்கிழங்கும் வச்சிருக்காங்க, பிரமாதம். ஆனா இதுக்கு மேல முடியாது" என்று சொல்லி வாய் மூடல்ல, கடைப் பொடியன் சந்தோசமா ரெண்டாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தான். மச்சான் கலங்கின கண்ணோட என்னைப் பார்த்தார். "திருப்பி அனுப்பினா மனசு நோகாதா?"

"ஒருத்தருக்கும் நோகாது. தின்டதுக்கு மட்டும்தான் கணக்கு" என்றன். பொடியன் வெறுந்தட்டை ஒருக்கா பார்த்தான். பேப்பர் இல்லை, பேனை இல்லை, மனக்கணக்கிலயே முழுத்தட்டின் காசையும் சொன்னான். அந்தத் தொகை கேட்டு எனக்குத்தான் நொந்தது.

செமிக்கட்டும் என்று கல்லடிக்கு நடத்திக் கூட்டிப் போனன். வாவிக்கு மேல வெள்ளைக்காரர் காலத்தில கட்டின பழைய பாலத்தில காற்று வாங்கிக்கொண்டு நின்டம், பக்கத்தில 2013இல திறந்த புதுப் பாலத்தில வாகனம் போய்க்கொண்டிருந்தது. தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கின கடலை ஒரு சுருள் வாங்கினன். "எங்க ஊர் சுண்டல் மாதிரி" என்றவர், வயிற்றைத் தடவிக்கொண்டே முழுதும் முடித்தார். கடற்கரையில இறால் வடைக்காரர் கூப்பிட்டார். வடைக்கு மேல தலையோட கிடந்த இறாலைக் கண்டுட்டு, "இது என்னையே பார்க்குது, வேணாம்" என்று பின்வாங்கினார். அங்கால கொத்து ரொட்டிக் கடையில தகரம் அடிக்கிற சத்தம் கேட்டதும் நடையைக் கூட்டினார்.

வீட்டில அம்மா பிட்டவிச்சு, நண்டுக் கறியும் மீன் சொதியும் வைத்துக் காத்துக்கொண்டிருந்தா. ரெண்டு வாய் வைத்த மச்சான் சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தார். அம்மாவின் முகம் கறுத்தது.

"ஏன் மருமகன், உப்புக் கூடிட்டா?"

"இல்லைங்க அத்தை, அருமையா இருக்கு. சாப்பிட்டதுக்கு மட்டும்தானே இங்க கணக்கு? மிச்சத்தை அடுத்த மேசைக்குக் கொடுத்துடுங்க."