ஆற்று மணலில் காலடி: குத்துவரிசை பழகிய எட்டு மாதம்

முதல் நாள் வாத்தியார் என் கையைப் பார்க்கவே இல்லை. பிள்ளையார் கோயில் திடலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார். முன்னால் பத்து அடி, பின்னால் பத்து அடி. பார்த்துவிட்டு, "கால் வந்து நின்ன பிறகுதான் கை போகணும் தம்பி. ஒரு மாசத்துக்குக் கையைத் தூக்காதீங்க" என்றார்.

எனக்கு வயது முப்பத்தெட்டு. உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். சின்ன வயதில் திருவிழாவில் சிலம்பம் பார்த்த ஆசை அப்படியே உள்ளே கிடந்தது. சிலம்பம் என்றால் நெற்றி உயரக் கம்புதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் கம்பு இல்லாமல் வெறுங்கையால் ஆடும் குத்துவரிசையும் அதே குடும்பம்தான். இரண்டுக்கும் அடிப்படை காலடி, அதாவது கால் எடுத்து வைக்கும் முறை. அது படியாமல் கம்பைக் கையில் கொடுப்பதில்லை என்பது பழைய வாத்தியார்களின் வழக்கம். எனக்குக் கம்பைவிட வெறுங்கை ஆட்டத்தில்தான் மனம் போனது. தை மாதக் கடைசியில் சேர்ந்தேன்.

காலடியின் விதி எளிமையானது. முன்னால் போக வேண்டுமா, முன்கால் முதலில் நகரும், பின்கால் அதே அளவு தொடரும். பின்னால் போக, பின்கால் முதலில். இடப்பக்கம் போக இடக்கால், வலப்பக்கம் போக வலக்கால். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு காலும் ஒட்டக் கூடாது, ஒன்றையொன்று தாண்டவும் கூடாது. ஒட்டியிருக்கும் நொடியில் தோளில் லேசாகத் தள்ளினாலே ஆள் சாய்ந்துவிடுவான். சொல்லிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். உடம்புக்குப் புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வற்றும். மாசி முடிவில் குடமுருட்டியில் மணல் தெரிய ஆரம்பித்ததும், காலை ஐந்தரைக்கு ஆற்றுக்குள் இறங்கிவிடுவேன். கூட அக்கா மகன் வருவான். கல்லூரியில் படிக்கிறான். அதிகாலையில் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் வரும் பிள்ளை. போன வேகத்தில் முதல் பத்து நாள் கெண்டைக்கால் கடுமையாக வலித்தது. மணல் காலுக்குக் கீழே நழுவுவதால் ஒவ்வொரு உந்தலுக்கும் கூடுதல் பலம் தேவைப்படுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்த பிறகு வலி அடங்கியது.

இந்த எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த மணலில்தான். செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் தோள் தெரியும், கை தெரியும், உள்ளங்கால் என்ன செய்கிறது என்று தெரியாது. ஊற்று தோண்டும் இடத்துப் பக்கம் மணல் ஈரமாக இருக்கும். அதில் நான்கு அடி எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தால், செய்த தப்பெல்லாம் அப்படியே பதிந்து கிடக்கும். கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை என்ற சண்டைக்கலையில் காலடிப் பாடத்தைச் சுவடு என்கிறார்கள், ஒற்றைச்சுவடு என்றொரு பாடமே உண்டு. அந்தச் சொல்லின் பொருள் எனக்கு ஆற்றில்தான் விளங்கியது.

என் பின்கால் சுவட்டில் குதிகால் பக்கம் ஆழமாக இருந்தது. அதாவது பாரம் குதிகாலில். நகர நினைத்தால் அந்தப் பாரம் முதலில் முன்பாதத்துக்கு வர வேண்டும், அப்புறம்தான் கால் கிளம்பும். அந்த இடைவெளி போதும் எதிராளிக்கு. முன்கால் சுவட்டுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு வேறு. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்திருக்கிறேன்.

கையைத் தூக்க அனுமதி கிடைத்த பிறகு இன்னொன்று தெரிந்தது. வலக்கையால் குத்தும்போது பின்னால் இருக்கும் வலக்கால் திரும்பவே இல்லை. சுவடு வைத்தது வைத்தபடி இருந்தது. கால் திரும்பாவிட்டால் இடுப்பு திரும்பாது, இடுப்பு திரும்பாவிட்டால் குத்தில் இருப்பது தோள்பலம் மட்டும்தான். முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை வெளிப்பக்கம் சுழற்றினால் மணலில் விசிறி மாதிரி ஓர் அரைவட்டம் விழும். அந்த விசிறி ஒவ்வொரு குத்துக்கும் விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சித்திரை நடுவில், வைக்கோல் அடைத்த சாக்கை மார்போடு பிடித்து நின்ற பையன் ஒரு அடி பின்னால் போனான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இன்னொரு குறையை அவன்தான் கண்டுபிடித்தான். "மாமா, நீங்க நகர்றதுக்கு முன்னாடியே உங்க தோள் சொல்லிடுது." உண்மைதான். முன்காலில் பாரத்தை அதிகம் வைத்திருந்ததால், அந்தக் காலை எடுக்க உடம்பை ஒரு பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது. வாத்தியாரிடம் கேட்டேன். பாரத்தை இரண்டு காலுக்கும் சரிபாதியாக வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்துக் காலால் தரையை உந்தச் சொன்னார். இடப்பக்கம் போக வலக்கால் உந்த வேண்டும். தலை ஒரே உயரத்தில் போக வேண்டும்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள். கல்லணை தாண்டி எங்கள் ஆற்றுக்கும் தண்ணீர் வந்தது. ஊருக்கே சந்தோஷம், எனக்கும்தான். பயிற்சிக்கு மட்டும் இடம் போய்விட்டது. மூன்று வாரம் வரப்பில் பழகினேன். குறுகின இடத்தில் நின்றால் நிதானம் கூடும் என்று நானாக நினைத்துக்கொண்டது தப்பு. வரப்பின் அகலத்துக்கு ஏற்ப இரண்டு காலும் ஒரே கோட்டில் வந்து பழகிவிட்டன. திடலுக்குப் போனபோது வாத்தியார் பக்கவாட்டில் இரண்டு விரலால் தள்ளினார், சாய்ந்துவிட்டேன். அந்தப் பழக்கத்தை உடைக்க ஆடி முழுக்க வேண்டியிருந்தது. குறுவை நடவுக்கு உழுத சேற்றிலும் இரண்டு நாள் நடந்து பார்த்தேன். தொடைக்கு நல்லது, வேகத்துக்கு ஒன்றும் இல்லை.

ஆவணியிலிருந்து நெற்களத்தில்தான் பழகுகிறேன். கோலமாவால் ஒரு முக்கோணம் போட்டுக்கொள்கிறோம். ஒரு முனையில் நான், மற்ற இரண்டு முனைகளும் எனக்கு இடமும் வலமுமாக எதிராளிப் பக்கம் சாய்ந்திருக்கும். நேர் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் முன்னால் வருகிறவனின் வேகம் பின்னால் போகிறவனுக்கு வராது. ஆகவே ஒரு அடி பின்வாங்கி, அடுத்த அடியில் ஏதாவது ஒரு முனைக்கு விலக வேண்டும். அப்போது அவன் குத்து போகும் பாதையில் நான் இல்லை, அவன் விலா எனக்கு எதிரே இருக்கும்.

சோதனைக்குப் பையன் விரலில் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு என் தோளைத் தொட வருவான். சிலம்பப் போட்டியில் உடம்பில் பட்ட இடத்தை எண்ணுகிற மாதிரி. இருபது முறை வந்தால் பங்குனியில் பதினாறு பொட்டு விழுந்தது. போன வாரம் ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு, நான் இடப்பக்கம் விலகும்போது விழுந்தவை. வலக்கால் உந்தாமல் தங்கிவிடுகிறது. வலப்பக்கம் விலகுவது சுலபமாக வருகிறது.

புரட்டாசி பாதி ஆகிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் களமும் கிடைக்காது. அதுவரைக்கும் தினமும் இடப்பக்கம் மட்டும் நூறு முறை. பின்வாங்க ஒரு அடி, விலக ஒரு அடி, கை மடக்கியபடியே.