ஒரு சின்ன மாத்திரையும் நான்கு மாதங்களும்

எனக்கு 69 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு தூக்கம் கெட்டபோது, "ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க" என்று ஒரு மருத்துவர் குளோனாசிபாம் என்ற தூக்க மாத்திரையை 0.5 மில்லிகிராம் அளவில் எழுதிக் கொடுத்தார். அந்த ரெண்டு வாரம் ஆறு வருடமாக நீண்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, தூக்கம்தான் வருகிறதே என்று.

போன வருடம் ஒருநாள் ராத்திரி இரண்டரை மணிக்குப் பாத்ரூம் போகும் வழியில் விழுந்துவிட்டேன். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. ஆனால் எப்படி விழுந்தேன் என்று காலையில் யோசித்தால் ஒன்றுமே ஞாபகமில்லை. எனக்கு அதுதான் பயம். மகள் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள்.

"வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க. கடையில் நீங்களாகவே வாங்கினதையும் சேர்த்து" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மேஜையில் கவிழ்த்தால் ஒன்பது அட்டைகள். மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதுக்கு? எந்த நேரத்தில்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு வரிசையாகப் பிரித்து அடுக்கினார். இரண்டு அட்டைகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

முதலில் மாட்டியது நீர் மாத்திரை. பிரஷருக்காகக் கொடுத்தது. அதைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், மற்ற மாத்திரைகளோடு ஒரே வேலையாக முடியட்டும் என்று. "அப்புறம் ராத்திரி மூணு தடவை எழுந்திருக்காம என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தார். அதைக் காலைக்கு மாற்றினார். ஒரே வாரத்தில் மூன்று தடவை ஒன்றாகக் குறைந்தது. இத்தனை வருடம் தூக்கமின்மை என்று நான் பெயர் வைத்திருந்ததில் பாதி இதுதான்!

இரண்டாவது, குளோர்பெனிரமைன் இருக்கிற ஜலதோஷ மாத்திரை. போட்டால் கண் சொக்கும், அதனால் தூக்கம் வராத நாளில் அதையும் சேர்த்துப் போடுவேன். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்து மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் எல்லாவற்றையும் கொண்டுவருமாம். எனக்கு முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இருந்ததா என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய வேலை, அந்தத் தூக்க மாத்திரை. 1991இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் போட்டார்களாம். இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை அவ்வப்போது புதுப்பிக்கிறது. என் தூக்க மாத்திரையின் இனம் அதில் இருக்கிறது, ஜலதோஷ மாத்திரையும் இருக்கிறது. குளோனாசிபாம் உடம்பில் பாதியாகக் குறையவே முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதாவது நேற்றுப் போட்டது போகுமுன் இன்றையது மேலே வந்து உட்காரும். காலையில் தலை பஞ்சு மூட்டை மாதிரி இருந்ததை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, இன்னிக்கே நிறுத்திடறேன்" என்றேன். மருத்துவர் பதறிவிட்டார். வருடக்கணக்காகப் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்றார். அதனால் படிப்படியாக. முதல் இரண்டு வாரம் 0.25 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, கூட இன்னொன்றில் பாதி. அப்புறம் ஒன்று மட்டும். அப்புறம் பாதி. அந்தச் சின்ன மாத்திரையைக் கத்தியால் வெட்டினால் ஒரு பாதி பறந்து கட்டிலுக்கு அடியில் போகும், இன்னொரு பாதி மாவாகிவிடும். கடையில் மாத்திரை வெட்டும் டப்பா ஒன்று வாங்கிய பிறகுதான் வீட்டில் அமைதி திரும்பியது.

ஒவ்வொரு முறை குறைத்ததும் மூன்று நான்கு நாள் மோசம். படபடப்பு, விசித்திரமான கனவு, விடிய விடிய முழிப்பு. பழைய வியாதி திரும்பிவிட்டது என்றே நம்பினேன். அது மருந்து விலகும்போது வருகிற தற்காலிக முழிப்பு, தாண்டிவிடும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தேன். ஒரு கட்டத்தில் தாங்கவில்லை. போன் செய்தேன். "அதே அளவில் இன்னும் ரெண்டு வாரம் இருங்க, மேலே ஏத்த வேண்டாம்" என்றார். நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் அதே வாரம் தன் மாத்திரையில் ரெண்டு தருவதாகச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். இதைவிட ஆபத்தான அன்பு கிடையாது.

இதற்கு நடுவே ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொன்னார்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், தூங்கினது எவ்வளவு என்று. கூட்டிப் பார்த்தால் படுக்கையில் ஒன்பதரை மணி நேரம், தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரம் கடிகாரத்தை முறைத்தது. இனி பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது, ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் வேறு அறையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. ஒன்பது மணிக்கே கொட்டாவி விடுகிறவனுக்கு இது தண்டனை. முதல் பத்து நாள் பகலில் சண்டைக்காரனாக இருந்தேன், வண்டி ஓட்டவில்லை. மூன்றாவது வாரத்தில் தலையணையில் தலை வைத்தால் தூக்கம் வந்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக ஆன பிறகு, கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டினார்கள்.

மாத்திரை முழுதாக நிற்க நான்கு மாதம் ஆயிற்று. முப்பது வயதுத் தூக்கம் திரும்பவில்லை. வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் குறையும், சீக்கிரமே விழிப்பு வரும், அது நோயில்லை என்று மருத்துவர் சொன்னதை இன்னும் முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மூன்றே முக்காலுக்கு விழிப்பு வந்தால் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் போகிறேன்.

அடுத்த மாதம் மனைவியின் முறை. நேற்று அவர் மருந்துகளைப் பையில் போட்டு எண்ணினோம். பதினொரு அட்டைகள்.