படையை விட்டு மின்பணிக்கு: டிரையலுக்கு முன் பழகியவை

சிங்கப்பூரில் சிறிய மின்பணி நிறுவனம் நடத்துபவர்களில் பலர், ஓர் ஆளின் தற்குறிப்பைப் படிப்பதைவிட அவரை வேலைத்தளத்துக்கு வரச்சொல்லி இரண்டொரு நாள் கூடவே வைத்துப் பார்ப்பதையே நம்புகிறார்கள். எல்லோரும் ‘டிரையல்’ என்று சொல்வது இதைத்தான். ஆயுதப் படையில் காலாட்படைச் சார்ஜண்ட்டாக ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டு மின்பணிக்கு வந்தவன் நான். அந்த டிரையலுக்கு எப்படித் தயாரானேன் என்று, விரைவில் சீருடையைக் கழற்றவிருக்கும் தம்பிகள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். வாகனப் பழுதுபார்ப்பு, சமிக்ஞை போன்ற பிரிவுகளிலிருந்து வருபவர்களுக்குக் கைத்தொழில் ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். காட்டில் நடந்தும் குழி வெட்டியும் பழகிய என்னைப் போன்றவர்களுக்கே இது கூடுதலாகப் பயன்படும்.

படையை விட்டு வருவோருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: தலைமைத்துவம், கட்டொழுங்கு, நெருக்கடியில் நிதானம் ஆகியவற்றை எடுத்துச் சொல்லுங்கள் என்பார்கள். மேலாளர் பதவிக்கு விண்ணப்பிப்பவருக்கு அது பொருந்தலாம். ஏணி மீது நின்று டிரங்கிங் (கம்பிகள் ஓடும் மூடிய பெட்டிக்குழாய்) மூடியைத் திறக்கும் ஆளிடம் ஃபோர்மன் அவற்றில் எதையும் தேடுவதில்லை. கைகள் எந்த வரிசையில் நகர்கின்றன என்பதைத்தான் அவர் பார்க்கிறார். சுவிட்சை அணைத்தபின் சோதித்தாரா, சோதிக்கும் முன் மீட்டரையே சோதித்தாரா, கம்பியை உரித்தபின் செம்பைப் பார்த்தாரா, இறங்கும்போது கருவிகளைச் சரிபார்த்தாரா என்பவையே அவருடைய கேள்விகள். வேகம் பிறகு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வரிசை தெரியாதவனின் வேகம்தான் அவருக்குப் பயம். ஆகவே என் தயாரிப்பு முழுவதையும் அந்த வரிசையைக் கைக்குப் பழக்குவதிலேயே செலவிட்டேன்.

வீட்டுக் கம்பிகளிலேயே பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே மின்கம்பியமைப்பு வேலையை, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரோ அவருடைய மேற்பார்வையில் இருப்பவரோதான் செய்யலாம். எலெக்ட்ரீஷியன், டெக்னீஷியன், எஞ்சினியர் என்று உரிமத்தில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் உள்ளவர் 45 கேவிஏ (மின்திறன் அளவு) வரையிலான அமைப்புகளைக் கையாளலாம். 40 ஆம்பியர் இணைப்புள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 230 வோல்ட்டில் கணக்கிட்டால் 9.2 கேவிஏதான் ஆகிறது என்பதால், வீட்டு வேலைகளுக்கு அந்த முதல் நிலையே தாராளம். டிரையலுக்குப் போகிறவருக்கோ அதுவும் இராது. எனவே மின்சாரமே இல்லாத பலகையில் பழகுவதுதான் முறை.

அதற்கு ஒரு பிளைவுட் பலகை, சில உலோகப் பெட்டிகள், 13 ஆம்ப் சாக்கெட்டுகள், இருவழிச் சுவிட்சுகள், மின்சாரத்தைச் சுற்றுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன டிபி பெட்டி, ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். சிம் லிம் டவரிலும் அதைச் சுற்றியுள்ள ஜாலான் புசார் கடைகளிலும் இவை கிடைக்கும். மீட்டரின் பேட்டரி தரும் மின்னோட்டமே கம்பி அறுபடாமல் தொடர்ந்து போகிறதா என்று சோதிக்கப் போதுமானது. மாடிப்படி விளக்கை இரண்டு இடங்களிலிருந்து இயக்கும் இருவழிச் சுவிட்ச் இணைப்பைப் பலரும் டிரையலில் கேட்பார்கள். படத்தைப் பார்க்காமல் அதைச் செய்யும் வரை கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பலகையில் அதிகம் கற்றுக்கொடுத்தது சாக்கெட்டுகளின் வளையச் சுற்று. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 32 ஆம்ப் எம்சிபியிலிருந்து (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) கிளம்பி, ஒவ்வொரு சாக்கெட்டாகத் தொட்டுக்கொண்டு, அதே எம்சிபிக்குத் திரும்பி வர வேண்டும். இந்த வளையம் நடுவில் எங்காவது அறுந்தாலும் எல்லாச் சாக்கெட்டுகளும் வேலை செய்யும்; அடுப்பு சூடாகும், கேத்தல் கொதிக்கும், யாருக்கும் ஐயம் வராது. ஆனால் இரண்டு பாதைகளில் பகிர்ந்து போக வேண்டிய மின்னோட்டம் ஒரே பாதையில் போவதால், எம்சிபி விழாமலேயே கம்பி சூடேறக்கூடும். ‘போட்டுப் பார்த்தேன், எரிகிறது’ என்பது இங்கே சோதனையே ஆகாது. டிபியில் இரு முனைகளையும் கழற்றி, லைவின் (மின்சாரம் வரும் கம்பி) ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையிலான மின்தடையை அளந்து, அதேபோல நியூட்ரலையும் (அது திரும்பும் கம்பி) அளந்து, இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பலகையில் வேண்டுமென்றே ஓர் இணைப்பைத் தளர்த்தி வைக்கும்படி தங்கையிடம் சொல்லிவிட்டு, பிறகு வந்து மீட்டரால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சியாக இருந்தது; அவளுக்கும் அது பிடித்துப்போய், வரவர மறைவான இடங்களாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள்.

கம்பி உரிப்பதைச் சின்ன வேலை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே வழக்கமாகக் கிடைக்கும் 2.5 கம்பிக்குள் ஏழு செம்பு இழைகள் இருக்கும். கத்தியால் உரித்தால் ஓர் இழையில் கீறல் விழும். திருகை இறுக்கும்போது அது ஒடிந்து பெட்டிக்குள் விழும் அல்லது பக்கத்து முனையத்தைத் தொட்டு நிற்கும். சரியான பள்ளத்தில் வைத்து ஸ்ட்ரிப்பரால் உரித்து, ஏழும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்து, முனையத்துக்கு வெளியே செம்பு தெரியாத அளவுக்கு உள்ளே செலுத்தி, இறுக்கியபின் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஃபோர்மன் சாக்கெட்டைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பழைய வீடுகளில் வேலை செய்பவர்களுக்கு நிறக் குழப்பம் ஒன்று உண்டு. 2009இல் இங்கே கம்பி நிறங்கள் மாற்றப்பட்டன. இப்போது லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம். அதற்கு முந்தைய அமைப்புகளில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. அந்தப் பழைய மும்முனை இணைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே மின்சாரம் பாயும் கம்பிகள். அதாவது பழைய கட்டடத்தில் லைவாக இருந்த நீலம் புதியதில் நியூட்ரல். அங்கே நியூட்ரலாக இருந்த கறுப்பு, புதிய மும்முனையில் லைவ். பாதி புதுப்பிக்கப்பட்ட கடைவீடுகளில் இரண்டும் ஒரே டிரங்கிங்கில் கிடக்கும். நிறத்தை நம்பிக் கை வைப்பவரை எந்த ஃபோர்மனும் மறுநாள் கூப்பிட மாட்டார்.

நிறத்தை நம்பக்கூடாது என்றால் மீட்டரை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. அதையும் சும்மா நம்பக்கூடாது. மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் முதலில் மீட்டரை வைத்துப் பார்த்து, பின்பு வேலை செய்யப்போகும் சுற்றில் லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் சோதித்து, மறுபடியும் அந்த முதல் இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரின் பேட்டரி செத்திருந்தால் ‘மின்சாரம் இல்லை’ என்றுதான் அது காட்டும். அணைத்த எம்சிபிக்கு ஒரு பூட்டும் எச்சரிக்கை அட்டையும் போடுவது இதற்கெல்லாம் முன்னால் வரும் வேலை.

இங்கேதான் படைப் பழக்கம் உண்மையாகவே கைகொடுத்தது. ஆயுதக் கிடங்கில் துப்பாக்கியை வாங்கும்போதும் திருப்பும்போதும், துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று எத்தனை முறை தெரிந்திருந்தாலும் மறுபடி திறந்து காட்டிய கைக்கு, மீட்டரை இரண்டாம் முறை சோதிப்பது அலுப்பாக இருக்காது. கையொப்பமிட்டு வாங்கிய பொருள் ஒன்று குறைந்தால் முழுப் பிரிவும் காட்டில் தேடிக்கொண்டு நிற்கும் என்பதால், கருவிப்பையைக் காலையும் மாலையும் சரிபார்ப்பதும் இயல்பாகவே வந்தது.

ஆனால் படையில் ஏறிய இன்னொரு பழக்கத்தை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ‘முடியுமா?’ என்று என்சிக் (வாரண்ட் அதிகாரி) கேட்டால் ‘முடியும்’ என்று முதலில் சொல்லிவிட்டு வழியைப் பிறகு தேடும் பழக்கம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கம் சந்திக்கும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், இங்கே பல ஆண்டுகளாக மின்பணி ஃபோர்மனாக இருப்பவர், என் பலகையைப் பார்த்துத் தரும்படி கேட்டதற்கு ஒத்துக்கொண்டார். வயதில் என்னைவிட இளையவர். தொழிலில் எனக்கு ஆசான். புளோக்கின் கீழ்த்தளத்தில் பலகையைச் சாய்த்துவைத்து ஏதோ கேட்டார். நான் யோசித்துக்கொண்டே திருப்புளியை எடுத்தேன். “அண்ணே, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. சொல்லித் தர்றதுக்கு எனக்கு அஞ்சு நிமிஷம். நீங்க தெரிஞ்ச மாதிரி கை வச்சா அன்னைக்கு முழுக்க உங்களையேதான் பாத்துக்கிட்டு நிக்கணும்,” என்றார். அதன்பிறகு அவர் கேள்வி கேட்டால், தெரிந்ததைச் செய்வது, தெரியாததை உடனே சொல்வது என்று வைத்துக்கொண்டோம். சார்ஜண்ட் பட்டை அணிந்து பழகியவர்களுக்கு இது பலகை வேலையைவிடக் கடினமான பயிற்சி என்பது என் எண்ணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படைக் காலணி உறுதியானதுதான், ஆனால் வேலைத்தளத்தில் விரல் பகுதியில் இரும்புக் காப்புள்ள பாதுகாப்புக் காலணி வேண்டும். கட்டுமானத் தளம் என்றால் அதற்குரிய பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழைக் கேட்பார்கள். 25 வயது நிரம்பிய சிங்கப்பூரர்கள், திறன் வளர்க்க அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையான 500 வெள்ளியைத் தகுதியுள்ள வகுப்புகளுக்குப் பயன்படுத்தலாம். படையை விட்டாலும் தேசிய சேவைப் பயிற்சிக்கு அழைப்பு வரக்கூடும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, டிரையலுக்கு ஒப்புக்கொள்ளும் முன் தௌகேயிடம் (முதலாளியிடம்) கேட்க வேண்டியவை சில உண்டு. அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா, எந்த உரிமதாரரின் மேற்பார்வையில் வேலை, அடிபட்டால் யார் பொறுப்பு என்பவை அவை. வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருப்பவர்களுக்கானது என்பதால், ‘சும்மா வந்து பாரு’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஏணியில் ஏறக்கூடாது. வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூரின் ‘கேரியர் டிரையல்’ திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனம் என்றால் பயிற்சிப்படிக்கு முறையான ஏற்பாடு இருக்கும். அப்படி இல்லாத சிறிய கடையில், நாளும் சம்பளமும் மேற்பார்வையாளர் பெயரும் அடங்கிய ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி நான் கேட்டேன். தௌகே முகம் சுளித்தார். ஆனாலும் அன்று மாலையே அனுப்பிவிட்டார். மறுநாள் காலை கருவிப்பையோடு போனேன்.