பெங்களூர்ல இருந்துகிட்டு அம்மாவோட பிஎம் கிசான் பணத்தை திரும்ப வர வெச்ச அனுபவம்

பிஎம் கிசான்னா விவசாயிகளுக்கு மத்திய அரசு குடுக்கிற உதவித்தொகை, வருஷத்துக்கு 6000 ரூபா, நாலு மாசத்துக்கு ஒருக்கா 2000னு மூணு தவணை, 2019ல ஆரம்பிச்ச ஸ்கீம். தர்மபுரி பக்கம் அம்மா பேர்ல கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கு, பட்டாவும் அவங்க பேர்லயேதான், ஆரம்பத்துல இருந்து ஒழுங்கா வந்துட்டு இருந்துச்சு. அப்பா தவறினதுக்கு அப்புறம் எங்ககூட பெங்களூர் பொம்மனஹள்ளிக்கு வந்துட்டாங்க, ஆடிப்பட்டத்துக்கு மட்டும் ஊருக்குப் போயி சித்தப்பாகூட நின்னு விதைச்சுட்டு வருவாங்க, அப்படி இருக்கிறப்ப தவணை நின்னு போச்சு. 2000 தானேன்னு நமக்குத் தோணும், ஆனா உழவுக்கூலிக்கு மகன்கிட்ட கேக்காம அம்மா எடுத்துக் குடுக்கிற காசு அது, அதனால விடக்கூடாதுன்னு இருந்தேன்.

ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, லிஸ்ட்லயே பேர எடுத்துட்டாங்கன்னாங்க. அதக் கேட்டு பஸ் ஏறாதீங்க, முதல்ல பிஎம் கிசான் சைட்ல ஸ்டேட்டஸ் பாருங்க, இ-கேஒய்சி (ஆதார் வெச்சு ஆள் சரிபார்ப்பு), லேண்ட் சீடிங் (நில விவரம் ஸ்கீம்ல இணைஞ்சிருக்கிறது), ஆதார் பேங்க் சீடிங் (பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது) மூணும் யெஸ்னு இருக்கணும், எதுல நோ வருதோ அதுதான் உங்க பிரச்சனை.

எங்களுக்கு ஸ்டேட்டஸ் பாக்கவே ஓடிபி வரல, ஆதார்ல இருந்தது அப்பாவோட பழைய நம்பர். நல்லவேளை, ஆதார்ல நம்பர் மாத்த ஊருக்குப் போக வேண்டியதில்ல, டாக்குமெண்ட்டும் வேண்டாம், இங்கயே ஆதார் சென்டர்ல மாத்திட்டோம். காலம் பூரா களை எடுத்த கை, ரேகை தேஞ்சு மிஷின் எடுக்கவே இல்ல, கண்ண ஸ்கேன் பண்ணிதான் முடிச்சாங்க. ரேகை விழாதவங்க இ-கேஒய்சிய நினைச்சு பயப்பட வேண்டாம், ஓடிபி போட்டுப் பண்ணலாம், இல்லன்னா பிஎம் கிசான் ஆப்ல முகத்தைக் காட்டியே பண்ணலாம், வயசானவங்களுக்கு உண்மையிலேயே நல்ல வசதி.

லேண்ட் சீடிங்குக்கு மட்டும் ஊருக்குப் போய்த்தான் ஆகணும், தமிழ்நாட்டு நிலத்துக்கு இங்க யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. சிட்டால ஒரு மாதிரி ஆதார்ல ஒரு மாதிரி பேர் இருந்துச்சு, விஏஓவப் பாத்து சரி பண்ணி வேளாண்மை ஆபீஸ்ல குடுத்தோம். அங்க இருந்த உதவி அலுவலர் பொறுமையா பாத்தாரு, "ஏம்மா, விவசாயி அடையாள எண் வாங்கிட்டீங்களா, இல்லன்னா அதையும் இன்னைக்கே பதிஞ்சுட்டுப் போயிடுங்க, இனி எல்லாத்துக்கும் கேப்பாங்க"ன்னு அவரே சொல்லி பண்ணி விட்டாரு.

அப்புறம் மூணும் யெஸ், பணம் போட்டாச்சுன்னும் காட்டுது, ஊர் பாஸ்புக்ல என்ட்ரி போட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்ல! அம்மா முகம் வாடிப் போச்சு. விஷயம் என்னன்னா இந்தப் பணம் நாம எழுதிக் குடுத்த அக்கவுண்ட் நம்பருக்கு வராது, ஆதார் கடைசியா எந்த பேங்க்ல லிங்க் ஆச்சோ அங்கதான் போகும். பெங்களூர் வந்ததும் அம்மாவுக்கு ஒரு அக்கவுண்ட் தொறந்தோம்ல, அங்க லிங்க் ஆகியிருக்கு, நின்னுபோன தவணையும் சேர்ந்து அதுல பத்திரமா கெடந்துச்சு. எந்த பேங்க்னு மைஆதார் சைட்லயே காட்டும்.

அம்மாவுக்கு ஊர் பேங்க்தான் தோது, அங்க தெரிஞ்சவங்க இருக்காங்க. அதனால அந்த பிராஞ்ச்லயே ஆதார் லிங்க் ஃபார்ம் எழுதிக் குடுத்து மாத்திட்டோம்.