கொத்தை எப்போது பிரிப்பது?

நாகர்கோவிலில் நான் வழக்கமாகப் போகும் மாடி அறையில் கடந்த வாரம் ஆடிய, கோலால் அடித்துப் பந்துகளைக் குழியில் இறக்கும் பூல் விளையாட்டின் எட்டுப் பந்து ஆட்டத்தில், என் ஏழு பந்துகளில் ஐந்தை ஒரே முறையில் குழிக்குள் இறக்கிவிட்டேன். மீதமிருந்த மூன்றாம் எண் சிவப்புப் பந்தும் ஆறாம் எண் பச்சைப் பந்தும், எட்டாம் எண் கருப்புப் பந்தோடு சேர்ந்து நீள குஷனை, அதாவது மேசையின் நீளப் பக்க ரப்பர் விளிம்பை, ஒட்டிக் கொத்தாகக் கிடந்தன. எதிரே ஆடிய அண்ணாச்சி, "மக்ளே, இத எப்பம் பிரிக்கலாம்னு நெனச்ச?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என் பந்துகள் ஐந்து போய்விட்டதால் மேசையில் அவருக்குத்தான் வழி திறந்திருந்தது. அடுத்த முறையிலேயே ஆட்டத்தை முடித்தார்.

எங்கள் பக்கத்தில் பலரும் கேரம் ஆடிப் பழகிய கையோடுதான் பூல் மேசைக்கு வருகிறோம். கேரமில் காய்க்கூட்டத்தைக் கலைத்த பிறகு ஸ்ட்ரைக்கரை எடுத்து நம் கோட்டில் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பூலிலோ நாம் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி என்பதால், கொத்து பிரிந்தால் மட்டும் போதாது. பிரிந்த பிறகு உறுதியாக அடிக்கக்கூடிய இன்னொரு பந்து வேறொரு பக்கத்தில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் கையில் எளிய பந்துகள் இருக்கும்போதே கொத்தைத் தொட்டுவிட வேண்டும் என்கிறேன்.

வெறுமனே கொத்தை நோக்கி அடிப்பதைவிட, ஒரு பந்தைக் குழியில் போட்டு, அதே அடியில் வெள்ளையைக் கொத்துக்கு அனுப்புவதே நல்லது. மோதும் கணத்தில் வெள்ளை முன்னோக்கியோ பின்னோக்கியோ சுழலாமல் வழுக்கிச் சென்றால், அது குழிக்குப் போகும் பந்தின் பாதைக்கு ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் விலகும். உருண்டு சென்றால் அந்தக் கோட்டிலிருந்து முன்பக்கமாக வளையும். இதை மனத்தில் கொண்டு, கொத்தில் எந்தப் பந்தை, அதன் எந்தப் பக்கத்தைத் தொட வேண்டும் என்று முன்பே தீர்மானிக்க வேண்டும். நடுவில் முழுதாக மோதினால் வெள்ளை பெரும்பாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஓரத்தில் மோதினால் திறந்த வெளிக்கு வந்துவிடும். வேகமும் மிதமாக இருக்கட்டும், ஏனெனில் பலமாக அடித்துச் சிதறிய பந்துகள் இன்னொரு குஷனோரம் மறுபடி ஒட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், ஈரம் ஏறிய நாள்களில் மேசைத் துணி வெள்ளையை இழுத்துப் பிடிக்கும் என்பதால், அன்றைக்கு மட்டும் சற்றுக் கூடுதல் விசை தேவைப்படும்.

எல்லாக் கொத்தையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒட்டியிருக்கும் நம் இரு பந்துகளின் மையங்களை இணைக்கும் கோடு நேராகக் குழியை நோக்கினால், பின்பந்தை அடித்தே முன்பந்தை இறக்கிவிடலாம்; பின்பந்தின் இடப்பக்கத்தில் அடித்தால் முன்பந்து சிறிது வலப்பக்கம் விலகும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். எதிராளியின் பந்தும் அதே கொத்தில் சிக்கியிருந்தால், அவரே பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவருக்கு அடி கிடைக்காத இடத்தில் வெள்ளையை ஒளித்து வைப்பேன்.

அன்றைய ஆட்டத்தில் என் ஆரஞ்சு ஐந்து, அதே குஷனின் நடுக்குழி வாயிலேயே நின்றிருந்தது. அதை வழுக்கல் அடியாக ஆடியிருந்தால், வெள்ளை குஷனை ஒட்டியே ஓடிக் கொத்தின் வெளிப்பந்தைத் தொட்டிருக்கும். அப்போது வேறு மூன்று பந்துகள் திறந்தே கிடந்தன. எளிதாக இருக்கிறதே என்று அதை இரண்டாவது அடியிலேயே மெல்லத் தட்டிப் போட்டுவிட்டேன்.