எப்போது ஓடலாம்: பள்ளி பேஸ்பாலில் பேஸ் திருடும் கணக்கு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணியில் என் மகன் ஆடத் தொடங்கிய பிறகுதான் பேஸ்பாலைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன். அந்த ஆட்டத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது, பந்து அடிபடும் வரை காத்திராமல், பிட்சர் (பந்து வீசுபவர்) வீசத் தொடங்கும் கணத்திலேயே முதல் பேஸிலிருந்து (ஓடுகிறவன் பத்திரமாக நிற்கும் தளம்) இரண்டாம் பேஸுக்குப் பாயும் அந்த ஓட்டம், அதாவது பேஸ் திருடுவதுதான். பெற்றோர்கள் பெரும்பாலும் ஓடுகிறவனின் கால்வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் ஓடலாமா வேண்டாமா என்பதை முதலில் பிட்சரையும், அடுத்து ஆட்டத்தின் நிலையையும், கடைசியாகத்தான் ஓடுகிறவனின் காலையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது வெறும் கூட்டல் கணக்கு. பிட்சரின் முன்கால் அசைந்ததிலிருந்து பந்து, பேட்டருக்குப் பின்னால் இருந்து அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் விழும் வரை ஒரு நேரம். அங்கிருந்து 127 அடி தள்ளியிருக்கும் இரண்டாம் பேஸுக்கு அவர் எறியும் பந்து போய்ச் சேர இன்னொரு நேரம். பிட்சருக்கு 1.4 விநாடி, கேட்சருக்கு 2.1 விநாடி, பந்தை வாங்கி ஓடுகிறவன் மேல் தொடுவதற்கு 0.1 விநாடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3.6. சறுக்கி விழுவது வரை 3.5 விநாடியில் முடிக்கும் பையன் பிழைத்துக்கொள்வான். அதே பிட்சர் காலை உயர்த்தாமல், தரையோடு ஒட்டி நகர்த்தி 1.2 விநாடியில் வீசிவிட்டால், அதே பையன் அதே வேகத்தில் ஓடியும் அவுட். இந்த எண்களைக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சிலேயே எடுத்துவிடலாம். ஒவ்வொரு இன்னிங்ஸும் தொடங்குமுன் கேட்சர் கடைசிப் பயிற்சிப் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிவார். அவரை அளக்க அதுவே தருணம். குறுக்கே பேட்டர் நிற்காத எறிதல் அது என்பதால், ஆட்டத்தில் அவருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பிட்சரைப் படிப்பது இதைவிட நுணுக்கமான வேலை. வலக்கைப் பிட்சர் முதல் பேஸுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவருடைய இடது குதிகால் முதலில் எழுந்தால் பந்து பேட்டருக்குப் போகிறது. வலது குதிகால் எழுந்தால் அவர் திரும்பி முதல் பேஸுக்கு எறியப் போகிறார். அதனால் ஓடுகிறவனின் கண் அவருடைய தோளிலோ முகத்திலோ அல்ல, அந்தக் குதிகால்களில்தான் இருக்க வேண்டும். இடக்கைப் பிட்சர் நேருக்கு நேராக ஓடுகிறவனைப் பார்த்தபடி நிற்பதால் காரியம் கடினம். அவர் உயர்த்திய வலக்கால், பிட்சர் கால் ஊன்றி வீசும் பலகையின் பின்விளிம்பைத் தாண்டிவிட்டால் அதன்பின் முதல் பேஸுக்கு எறிய விதி இடம் தராது. அது வரை பொறுக்கத்தான் வேண்டும். பெரிய லீக்கில் (எம்.எல்.பி. என்னும் தொழில்முறைப் போட்டி) 2023-இல் பிட்சர் பலகையை விட்டு விலகும் தடவைகளுக்கு (முதல் பேஸுக்கு எறிவதும் அதில் அடங்கும்) வரம்பு வைத்து, பேஸின் அகலத்தையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியபோது, திருடிய பேஸ்கள் ஒரே ஆண்டில் 2,486-இலிருந்து 3,503 ஆயின. வீரர்களின் கால்கள் ஓராண்டில் வேகமாகிவிடவில்லை. பள்ளி ஆட்டத்தில் அந்த வரம்பு இல்லாததால், பிட்சரைப் படிக்கத் தெரியாத பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மாட்டிக்கொள்வான்.

எந்தப் பந்துக்கு ஓடுவது என்பதும் முக்கியம். மெதுவாக வந்து தாழ்ந்து விழும் வளைபந்தைக் கேட்சர் குனிந்து எடுத்து எறிய வேண்டியிருப்பதால், பேட்டருக்கு எத்தனை பால், எத்தனை ஸ்ட்ரைக் (தவறான பந்துகள், பேட்டருக்கு எதிராக எண்ணப்படும் பந்துகள்) ஆகியிருக்கிறது என்பதைப் பார்த்து, அது வரக்கூடிய தருணத்தை ஊகித்து ஓடுவது நல்லது.

ஆட்டத்தின் நிலையில்தான் பயிற்சியாளர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பெரிய லீக் கணக்குகளின்படி நான்கில் மூன்று முறையாவது வெற்றி கிடைத்தால்தான் திருடுவது லாபம்; ஒரு பேஸ் முன்னேறுவதால் வரும் ஆதாயத்தைவிட ஓர் அவுட்டும் ஓடுகிறவனும் சேர்ந்து போவதன் இழப்பு அவ்வளவு பெரியது. பள்ளி ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்தான், இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் ஒரு அணிக்கு 21 அவுட்கள்தான் என்பதால் ஒவ்வோர் அவுட்டும் இன்னும் அருமையானது. நான்கு ரன் பின்தங்கியிருக்கும்போது ஓடச் சொல்வது எனக்கு ஏற்பில்லை. அப்போது தேவை ஒரு பேஸ் அல்ல, வரிசையாகப் பல பேட்டர்கள். பந்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் நடைகளை (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாரி வழங்கும் பிட்சருக்கு எதிராக ஓடுவதும் அப்படித்தான். கேட்சரைத் தாண்டிப் போகும் பந்தில் அந்தப் பேஸ் தானாகவே கிடைத்துவிடும். திணறுகிற பிட்சருக்கு நாமே ஏன் ஓர் அவுட்டைக் கொடுக்க வேண்டும்? மாறாக, இரண்டு அவுட் ஆகி, ஆட்டம் சமநிலையில் இருந்து, நீண்ட அடி அடிக்காவிட்டாலும் ஒற்றை அடி (தன்னை முதல் பேஸ் வரை சேர்க்கும் அடி) அடிக்கக்கூடியவன் பேட்டுடன் நிற்கிறான் என்றால், தயங்காமல் அனுப்பலாம். இரண்டாம் பேஸில் இருப்பவன் அந்த ஒற்றை அடியில் ஹோம் பேஸுக்கு வந்து ரன் எடுத்துவிடுவான்.

மூன்றாம் பேஸைத் திருடுவதற்கு ஏற்றது ஒரு அவுட் ஆன நிலை. அப்போது மூன்றாம் பேஸில் நிற்பவன், பேட்டர் உயர அடித்துப் பிடிபட்டு அவுட் ஆகும் பந்திலும் ரன் எடுக்கலாம். இரண்டு அவுட் ஆன பின் அந்த வாய்ப்பு இல்லை; அவுட்டே ஆகாத நிலையிலோ அவனை வரவழைக்க இன்னும் போதிய பேட்டர்கள் இருக்கிறார்கள். வலக்கைப் பேட்டர் நின்றால் கேட்சர் அவரைச் சுற்றிக்கொண்டுதான் எறிய வேண்டும். பள்ளிப் பிட்சர்கள் பலர் இரண்டாம் பேஸை ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பியதும் வீசிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் உள்ளவர் என்று இரண்டு மூன்று பந்துகளில் தெரிந்துவிட்டால், அவர் தலை திரும்பும் அந்தக் கணத்திலேயே, பயிற்சியாளரின் சைகைக்குக் காத்திராமல், பையனே புறப்பட அனுமதி கொடுத்துவிட வேண்டும்.